சபாநாயகர் ஆசனம்

ஆங்கிலேயர் தம் பாராளுமன்றத்தில் வீற்றிருந்து ஒழுங்கு காப்பவரை 'ஸ்பீக்கர்' என்பர். பேசுபவர் என்பது அதன் பொருள். அவரோ விவாதத்திற் கலந்து ஒரு சொல்லும் பேசலாகாது! பொதுமக்கள் சபையின் கருத்தை மன்னனிடம் சென்று உரைப்பதே ஆதியில் அவர் தொழிலாயிருந்தமையால் வந்த பெயர் இது. மன்னனுக்கு உவப்பில்லாததை உரைக்கப் புகுந்தால் உயிருக்கே உறுதியில்லை. தலையிழந்த சபாநாயகர்களும் உளர். புதிதாகத் தெரிவானவரைக் கைப்பற்றி இழுத்துச்சென்று ஆசனத்தில் இருத்தும் வழக்கம் அக்கால அச்சத்தின் எச்சம் என்பர்.

1642 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆந் திகதி, முதலாம் சார்ள்ஸ் மன்னன் ஐந்து உறுப்பினரைச் சிறைப்பிடிக்கப் படைவீரருடன் வந்தான். ஆசனத்தருகே நின்று, அவர்கள் எங்கே என வினவினான். சபாநாயகர் வில்லியம் லெந்தால் முழந்தாளிட்டார். சபை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணுமில்லை, பேச நாவுமில்லை என்று பணிவோடு விடையிறுத்தார். மன்னன் வெறுங்கையுடன் மீண்டான்.

இவ்வாசனத்துக்குள்ள படைக்கலம் மிகச் சிறிது. உறுப்பினரைத் தொகுதியாற் சுட்டுவதே அங்கு மரபு. அடங்க மறுப்பவரைச் சபாநாயகர் இயற்பெயர் சொல்லி அழைப்பார். தண்டனை அங்கே தொடங்குகிறது. மூத்தோர் பெயரை வாயாற் சொல்லக் கூசும் நம்மவர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். அதன்பின்னும் அவரை இடைநிறுத்துவது சபையின் வாக்கேயன்றிச் சபாநாயகர் அல்லர்.

நம் நாட்டில் ஊர்காவற்றுறைப் பிரதிநிதி சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையின் சபாநாயகராக விளங்கினார். ஆயினும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது எச். எஸ். இஸ்மாயிலையே. புத்தளத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் சமூகத்தவர் அவர். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டமூலம் மக்கள் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது சபாநாயகர் அவரே. ஜூன் 5 ஆந் திகதி, சபையின் எதிரே காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகிகள் அடித்து விரட்டப்பட்டனர். காயமுற்ற அமிர்தலிங்கம் தலையிற் கட்டுடன் சபைக்குள் வந்தார். வெளியே கல்லும் தடியும். உள்ளே நிலையியற் கட்டளை. சட்டமூலம் 66 க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறிற்று.

வாக்குகள் சமமாய் நின்றாலன்றிச் சபாநாயகருக்கு வாக்கில்லை. தம் தாய்மொழியின் நிலையை நிர்ணயித்த விவாதத்தில் இஸ்மாயிலின் மனத்துள் என்ன இருந்ததோ, ஹன்சாட் அதைச் சொல்லாது. ஆனால் செல்வநாயகமும் பொன்னம்பலமும் கொல்வின் ஆர். டி சில்வாவும் அன்று ஆற்றிய உரைகள் அதிலே வரிவரியாக உள்ளன. எண்ணிக்கையிற் சிறியோர்க்குச் சபையில் வெல்ல வழியில்லாது போகலாம். சொல்ல வழி வேண்டுமன்றோ? அவ்வழியை ஒருவர் திறந்து வைத்திருந்தார் என்பதை அவ்வுரைகளை வாசிக்குந்தோறும் நான் நினைத்துக்கொள்வேன்.

2018 நவம்பர் 16 ஆந் திகதி நடந்ததைத் தொலைக்காட்சியிற் கண்டேன். பிரதமராக நியமிக்கப்பட்ட மகிந்த ராஜபக்ஷவுக்கு எதிரான பிரேரணை சபை முன் இருந்தது. அவர் ஆதரவாளர்கள் சபாநாயகரின் ஆசனத்தைக் கைப்பற்றிக்கொண்டனர். சபாநாயகர் கரு ஜயசூரிய தம் கட்சிக்குச் சார்பாக நடக்கிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பிரித்தானியாவிற் சபாநாயகராவோர் கட்சியைத் துறந்துவிடுவர். நம் நாட்டில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. ஆதலால் எவர் அமர்ந்தாலும் இக்குற்றச்சாட்டு ஆயத்தமாகவே இருக்கும். அதற்கு நியாயமும் ஓரோர்கால் இருக்கக்கூடும். எனினும் மிளகாய்த்தூள் ஓர் ஒழுங்குப் பிரச்சினையாகாது! அன்று அதுவும் வீசப்பட்டது. நூல்களும் நாற்காலிகளும் பறந்தன.

லெந்தாலின் சபைக்குள் ஆயுதத்துடன் நுழைந்தவன் வெளியிலிருந்து வந்த மன்னன். இங்கோ ஆசனத்தை மறித்தவர்கள் உறுப்பினர்களே. வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் பொலிசார். அவர்கள் அரணாகச் சூழ்ந்து நிற்க, ஜயசூரிய குரல் வாக்கெடுப்பை நடத்தினார். பின்னர் சபையை 19 ஆந் திகதிவரை ஒத்திவைத்து, வந்தவாறே பொலிசார் நடுவில் வெளியேறினார்.