எண்ணிக்கை குறைந்த பள்ளியில் யார் மிஞ்சியிருக்கிறார்கள்?

நினைவுப் பொழிவில் பள்ளிக்கூடக் கணக்கா என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பலர் படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில்தான். பெரியவர்கள் அதை ‘லேபர் ஸ்கூல்’ என்பார்கள். 1894-இல் ஊரூரில் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் திறந்தபோதும், பின்னர் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் பள்ளிகள் வந்தபோதும் காரணம் ஒன்றே: பொதுப் பள்ளித் திண்ணையில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. இன்று அப்பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேரலாம். சேர்கிறார்களா?

ஆறு முதல் பத்து வரையுள்ள சிறிய உயர்நிலைப் பள்ளி ஒன்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு முன் 120 பேர். அதில் நம் பிள்ளைகள் 60. இன்று மொத்தம் 64. நம் பிள்ளைகள் 56. அறிக்கை எழுதுபவர் ‘பட்டியல் சாதியினர் விகிதம் 50-இலிருந்து 87.5 ஆக உயர்ந்தது’ என்பார். எதுவும் உயரவில்லை. நம்மில் நான்கு பேர் குறைந்திருக்கிறார்கள். மற்றவர்களில் 52 பேர் போய்விட்டார்கள். ஊர்த்தெருவுக்குள் தனியார் பள்ளி வேன் வரத் தொடங்கிய பிறகு அது ‘காலனிப் பள்ளி’ ஆகிவிட்டது. போன நம் நால்வரும் பையன்களாக இருந்தால் வியப்பில்லை. கட்டணம் கட்ட முடிந்தால் முதலில் மகனுக்குத்தான் கட்டுகிறோம். இதை நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டும்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் 9 பேர் என்றால் இருவர் தவறினாலே தேர்ச்சி 77.8 விழுக்காடு. அடுத்த ஆண்டு எல்லோரும் தேறினால் நூறு. ஆசிரியர்கள் அதே ஆட்கள்தான். இத்தனை சிறிய வகுப்புக்கு விழுக்காடு எதையும் சொல்வதில்லை. ஆனாலும் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க அதுதான் பயன்படுகிறது.

எண்ணிக்கையின் உண்மையான விளைவு ஆகஸ்ட் 1-இல் தெரியும். அன்றைய பதிவை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆவார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஆனால் 20 பிள்ளைகளானாலும் பாடம் ஐந்துதான்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். கணித ஆசிரியர் போன பள்ளியிலிருந்து அடுத்த சூன் மாதம் இன்னும் சிலர் போவார்கள். பிறகு ‘மாணவர் இல்லை, அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கலாம்’ என்று கோப்பு நகரும்.

அருகில் என்றால் எவ்வளவு? கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான் பேசுகிறது. ஒன்பதும் பத்தும் அதற்கு வெளியே. தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவர்கள், காலனிப் பெண்பிள்ளை எந்தத் தெருவைத் தாண்டி நடக்க வேண்டும் என்பதை அளப்பதில்லை.

2023-இல் இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்போவதாக நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது நம்மிடையே இரு கருத்து இருந்தது. தனித்துறை கவனிக்கவில்லை என்பதும் உண்மை. பொதுத்துறைக்குள் நம் பள்ளி காணாமல் போகும் என்ற அச்சமும் நியாயம். எத்துறையானாலும், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அடுத்த கூட்டத்தில் மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், பத்தாண்டுப் பதிவைச் சாதிப்பிரிவு வாரியாக, ஆண் பெண் வாரியாக, அருந்ததியர் பிள்ளைகளைத் தனியாகக் காட்டிக் கேளுங்கள்.