பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் குடும்பங்கள்

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. மலையகத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் இலங்கைப் பிரஜையாகப் பதிவுபெற வேண்டுமானால், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். கலியாணம் ஆனவருக்கு 7 வருடம் போதும். ஆகாதவருக்கு 10 வருடம். அரசாங்கத்தின் கண்ணில் ஒரு கலியாணம் மூன்று வருடத்துக்குச் சமமாக இருந்தது.

அந்தக் கலியாணத்தை எப்படி நிரூபிப்பது? கோவிலில் தாலி கட்டி, லயத்து வாசலில் பந்தி போட்டு நடந்த கலியாணம் அது. பெரிய கங்காணிக்குத் தெரியும், பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடதாசி கேட்கும் அதிகாரிக்கு அது போதவில்லை. கொடுத்த இரண்டு வருட அவகாசத்துக்குள் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்களின் தலைவிதியை 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எழுதியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏற, தங்கை டிக்கோயாவிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

யார் குடும்பம், யார் குடும்பமில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மலையகத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால்தான் திருமணச் சமத்துவம் என்ற பேச்சை, கொழும்பு ஆட்களின் விவகாரம் என்று இந்த மலைகள் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஒன்றாக வாழ்க்கை நடத்த முடிவெடுத்தால், அந்த உறவை அரசாங்கப் பதிவேடு ஏற்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் ஒரு கிறிஸ்தவர் இதை ஆதரிக்கலாமா என்பது அதன் பின்னால் வரும் கேள்வி.

முதலில் சட்டம். கண்டியச் சிங்களவர் தங்களுக்கென உள்ள விவாகச் சட்டத்தின் கீழ் மணம் முடிக்கலாம். முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. மலையகத் தமிழர், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். பதிவாளர் முன்னால் மணம் முடிக்கலாம். விவாகம் நடத்துவதற்கெனப் பதிவுபெற்ற தேவாலயத்தில் போதகர் முன்னாலும் முடிக்கலாம். அப்படித் தேவாலயத்தில் நடக்கும்போது போதகர் இரண்டு வேலைகளைச் சேர்த்தே பார்க்கிறார்: கடவுளின் பெயரால் ஆசீர்வதிக்கிறார், பிறகு அரசாங்கப் புத்தகத்தை விரித்துக் கையெழுத்து வாங்குகிறார். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் இரண்டும் ஒன்றே என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

இதே சட்டத்துக்கு ஓர் இளகிய மனமும் உண்டு. பதிவு செய்யவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கலியாணம் செல்லாமல் போவதில்லை. வழக்கப்படி சடங்கு நடந்து, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை நீதிமன்றம் கணவன் மனைவியாகவே ஏற்றிருக்கிறது. அந்த இளக்கம் ஆணும் பெண்ணுமான தம்பதிக்கு மட்டும்தான். லயன் காம்பராவில் இருக்கும் உரிமை தோட்ட வேலையோடு பிணைந்தது. வீட்டுத் திட்டத்தில் கிடைக்கும் காணித் துண்டு, ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் குடும்பம் என்ற சொல்லைச் சுற்றியே ஓடுகின்றன. இருபது வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி இறந்தால், மற்றவள் சட்டத்தின் முன் வெறும் பக்கத்து வீட்டுக்காரி.

அதற்கும் முன்னால் தண்டனைச் சட்டக்கோவை வழி மறிக்கிறது. பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த அந்தக் கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்குப் பத்து வருடம்வரை சிறை என்கிறது. 365அ பிரிவு இரண்டு வருடம்வரை என்கிறது. 1995இல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஆண்களை மட்டும் குறித்த 365அ பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. உலகம் தளர்த்திக்கொண்டிருந்த முடிச்சை இலங்கை இறுக்கிய நாள் அது.

நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவில் அரசு பொலிஸ் வேலை பார்க்கக் கூடாது என்ற சிந்தனை வளர்ந்துவருவதை 2016இல் 365அ வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. ஆனாலும் சட்டம் சட்டமாகவே இருப்பதால் குற்றத்தீர்ப்பை நீக்காமல், சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை பழைய சட்டங்களை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாக்கிவைத்திருக்கிறது. ஒருபாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர் ரொசானா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், 2022இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு இலங்கை பொறுப்பை மீறியதாக முடிவு சொன்னது. அடுத்த வருடம், ஒருபால் உறவைக் குற்றமற்றதாக்க பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். சட்டமூலத்தில் அரசியலமைப்புக்கு முரணானது எதுவும் இல்லை என்ற தீர்மானம் 2023 மே 9ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தது; வாக்கெடுப்புக்கு வராமலே சட்டமூலமும் அதோடு போயிற்று.

இனித் திருச்சபைக்கு வருவோம். 365ஆம் பிரிவை இங்கே கொண்டுவந்தவர்கள் தங்கள் கிறிஸ்தவ ஒழுக்கத்தைச் சட்டமாக்குவதாகவே நினைத்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை அதன் சொந்த மண்ணில் அசைத்ததிலும் கிறிஸ்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற அங்கிலிக்கன் குரு, 1955இல் வெளியிட்ட நூலில், சோதோம் நகர் கதையைத் திருச்சபை எப்படியெல்லாம் வாசித்துவந்தது என்பதை நுணுகி ஆராய்ந்தார். 1957இல் பிரித்தானிய அரசு நியமித்த உல்ஃபெண்டன் குழு, வயதுவந்தோரிடையே தனிமையில் சம்மதத்தோடு நடப்பது குற்றமாகக் கூடாது என்று பரிந்துரைத்தது. அப்போதைய கன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் அந்தக் கொள்கையை ஏற்றார். அவருக்குப் பின் வந்த மைக்கல் ராம்சேயும் சட்டத்தை மாற்றப் பிரபுக்கள் சபையில் ஆதரவு தந்தார். 1967இல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. அந்தப் பேராயர்கள் ஒருபால் உறவைப் பாவம் என்றே நம்பினார்கள். பாவத்தைக் கண்டிப்பது திருச்சபையின் வேலை, எல்லாப் பாவத்துக்கும் பொலிஸை அனுப்புவது அரசின் வேலையில்லை என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இன்று இலங்கையில் பலரிடம் இல்லாதது இந்தத் தெளிவுதான்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் இதையே நேராகச் சொன்னார்: தன்பாலீர்ப்பு குற்றமாகாது, அதைத் தண்டிக்கும் சட்டங்கள் அநீதியானவை, அவற்றை நீக்கத் திருச்சபை உழைக்க வேண்டும். திருமணம் பற்றிய கத்தோலிக்கப் போதனையை அவர் மாற்றவில்லை. அதே வருடம் டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, ஒருபால் தம்பதியரைக் குரு ஆசீர்வதிக்க இடம் கொடுத்தபோதும், அது திருமணச் சடங்கு போலத் தோன்றவே கூடாது என்றது. இலங்கையிலோ கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒருபால் திருமணத்தை வெளிப்படையாக எதிர்த்துவருகிறார்.

மலையகத்துக்கு நெருக்கமான வேறு மூன்று சபைகளின் கதை இன்னும் தூரம் போகிறது. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், தோட்டத் தமிழருக்கென ஒரு மிஷன் தொடங்கியது அங்கிலிக்கன் சபை. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஐச் சேர்ந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து நிற்கும் வோர்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியைத் தொடங்கியவர்கள் மெதடிஸ்த மிஷனரிகள். ஹோலிரூட், பல்மோரல், எடின்பரோ என்று தோட்டங்களுக்குப் பெயர் வைத்துப்போனவர்கள் ஸ்கொட்லாந்துத் துரைமார். பிரித்தானிய மெதடிஸ்த சபை 2021 ஜூனில் 254க்கு 46 என்ற வாக்கில் ஒருபால் திருமணத்துக்குத் தன் ஆலயங்களைத் திறந்தது. ஸ்கொட்லாந்துத் திருச்சபை 2022இல் விரும்பும் போதகர்களுக்கு அனுமதி கொடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபை 2023 டிசம்பரில் ஆசீர்வாத ஜெபங்களோடு நின்றுகொண்டது. தாய்ச் சபைகள் எடுத்த முடிவு இலங்கைச் சபைகளைக் கட்டாது. ஆனாலும் அன்று 365ஆம் பிரிவைக் கொண்டுவந்தவர்களின் வாரிசுகள் வேதத்தை மறுபடி திறந்து வாசித்திருக்கிறார்கள் என்பதை இங்குள்ள விசுவாசி அறிந்திருப்பது நல்லது.

எதிர்ப்பவர்களின் நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்ற ஆதியாகமத்தின் அடித்தளத்தில் அவர்கள் நிற்கிறார்கள். திருமணம் திருவருட்சாதனம் என்பது கத்தோலிக்கருக்கு மூச்சுப் போன்றது. அந்த நம்பிக்கையைத் தங்கள் ஆலயத்துக்குள் காக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதை ஆலயத்துக்கு வெளியே, பிரதேச செயலகத்தின் மேசைவரை கொண்டுபோகலாமா என்பதில்தான் பிணக்கு.

அரசின் அதிகாரம் பற்றிக் கிறிஸ்தவருக்குள் இரண்டு குரல்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலும் இருக்கிறார், ஆலோசனைச் சங்கத்தின் கட்டளையை மறுத்த பேதுருவும் இருக்கிறார். மார்ட்டின் லூதர் திருமணத்தை உலகியல் காரியம் என்று கருதினார். அதற்கான சட்டங்களை ஆள்வோர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார். கனடாவில் ஒருபால் திருமணக் கேள்வி இரண்டு கத்தோலிக்கப் பிரதமர்களின் வீட்டு வாசலுக்கே வந்தது. 2003இல் கல்கரி ஆயர் பிரெட் ஹென்றி, பிரதமர் ஜீன் கிரெத்தியனின் ஆன்ம மீட்பே ஆபத்தில் இருக்கிறது என்று எச்சரித்தார். அவருக்குப் பின் வந்த போல் மார்ட்டினும் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கரே. சிறுபான்மையினரின் உரிமையைக் காப்பது பிரதமரின் கடமை என்று சொல்லி அவர் அதற்கான சட்டத்தை முன்னெடுத்தார். 2005 ஜூன் 28ஆம் திகதி பொதுச்சபை 158க்கு 133 என்று அதை நிறைவேற்றியது. தங்கள் நம்பிக்கைக்கு மாறான திருமணத்தை நடத்திவைக்க எந்த மதகுருவையும் வற்புறுத்த முடியாது என்று அந்தச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ரொறன்ரோவில் வாழும் ஆயிரக்கணக்கான தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருபது வருடமாக இந்தச் சட்டத்தின் கீழ்தான் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் கோவில்களில் தங்கள் முறைப்படி மணம் முடித்துவைக்கிறார்கள்.

மலையகத்திலும் அரசுக்கு எதிர்த் திசையில் நின்ற குருமார் இருந்தார்கள். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாக முன்னின்றார். தோட்டங்களில் பட்டினி பரவியிருந்த காலம் அது. நாடற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்காக அவர் எழுதினார், பேசினார். அவரை இங்கே நினைவுகூர்வது ஒருபால் திருமணத்துக்குச் சாட்சியாக இல்லை. பதிவேட்டில் இல்லாதவரும் கடவுளின் பிள்ளை என்று எண்ணிச் செயல்பட்ட ஓர் ஊழியம் இந்த மலையில் இருந்தது என்பதற்காகவே.

கடல் தாண்டித் தமிழ்நாட்டைப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஒருபால் திருமணத்தை ஏற்க மறுத்தது. ஆனால் 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலீர்ப்பை ‘சிகிச்சை’ என்ற பெயரில் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. நேபாளம் 2023 நவம்பரில் தெற்காசியாவின் முதல் ஒருபால் திருமணத்தைப் பதிவுசெய்துவிட்டது.

இலங்கையில் 1907ஆம் ஆண்டின் சட்டம் மாறுவதற்கு முன் 365உம் 365அவும் போக வேண்டும்; அதற்குத் தடையில்லை என்று உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. போதகர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்குக் கலியாணம் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேதி குறிக்க வரும் பெற்றோரிடம், அந்தப் பிள்ளைக்கு இதில் சம்மதமா என்று தனியாகக் கேட்டறிந்த பிறகே பதிவுப் புத்தகத்தைத் திறப்பேன் என்று எந்தப் போதகரும் இன்றே சொல்லலாம்.