குத்துமதிப்பில் போகும் மரம்

கொல்லையில் நிற்கும் வேம்பையோ வரப்போரத்து வாகையையோ விற்க, புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூர் வட்டாரத்தில் அதிக நேரம் ஆவதில்லை. மர வியாபாரி வருகிறார். அடிமரத்தைச் சுற்றிப் பார்க்கிறார், பொந்து இருக்கிறதா என்று தட்டிக் கேட்கிறார், ஒரு தொகை சொல்கிறார். மகளின் கல்யாணமோ பள்ளிக் கட்டணமோ முன்னால் நிற்கும்போது அந்தத் தொகையை மறுப்பவர்கள் குறைவு. வெட்டுக் கூலியும் வண்டி வாடகையும் வியாபாரியுடையவை, அளவும் அவருடையதுதான். மரத்தில் எத்தனை கன அடி இருந்தது என்பது, அதை ஒரு தலைமுறை வளர்த்த குடும்பத்துக்குக் கடைசிவரை தெரியாது.

வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே பொக்கையாக இருந்தால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனால் நின்ற மரமாகக் கைமாறியது சைஸ் மரமாகி, நிலையாகி, கதவாகித் திரும்பி வரும்போது அதே குடும்பம் அதைத் தொட முடியாத விலையில் நிற்கிறது. இந்த இடைவெளியில் பாதியையாவது ஊருக்குள் நிறுத்த முடியுமா? சொந்த மரத்தைப் பலகையாக அறுத்து, சின்ன மில் ஒன்றின் துணையோடு நேரடியாக விற்க ஒரு குடும்பம் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் அளவு. தமிழ்நாட்டு மரக்கடைகளில் உருட்டு மரத்தை அளக்கும் வழி பழையது. அடிமரத்தின் நடுப்பகுதியைக் கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை நான்காக மடிப்பார்கள். மடித்த நீளத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கிலான நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் நான்கில் ஒன்று 12. 12 பெருக்கல் 12 பெருக்கல் 10 வகுத்தல் 144. விடை 10 கன அடி. இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் 1736-ல் பட்டியல் போட்டு வெளியிட்ட கணக்கு இது. அந்த மரத்தின் உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 12.7 கன அடி. பட்டை, ஓரத் துண்டு, ரம்பத் தூள் ஆகியவற்றுக்கான கழிவை முன்கூட்டியே எடுத்துவிடும் கணக்கு என்பதால் இரு தரப்பும் இதை ஏற்கிறார்கள். விற்பவர் கையிலும் ஒரு கயிறு இருந்தால் போதும், பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

அடுத்தது ரம்பம். பழைய வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஐந்தாறு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பேண்ட் சா எனப்படும் பட்டை ரம்பத்தின் மெல்லிய பிளேடு இரண்டு மில்லிமீட்டரோடு நிற்கும். பன்னிரண்டு வெட்டுப் போடும் மரத்தில் முதலாவது கிட்டத்தட்ட மூன்று அங்குலம்வரை தின்னலாம். இரண்டாவது ஓர் அங்குலம். அதாவது ஓர் அங்குலப் பலகை என்றால் கிட்டத்தட்ட இரண்டு பலகை வித்தியாசம். அறுப்புக் கூலி கொஞ்சம் கூடினாலும் பேண்ட் சா மில்லைத் தேடிப் போவது இதனால்தான் லாபம். வீட்டோரத்து மரம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொடி கட்ட அடித்த ஆணி, மாடு கட்டிய வளையம் எல்லாம் பட்டைக்குள் மறைந்து கிடக்கும். ஓர் ஆணி பிளேடை அறுத்துவிடும் என்பதால் மில்காரர்கள் சாலையோர, வீட்டோர மரங்களைத் தயங்கித்தான் ஏற்றுவார்கள். எங்கே ஆணி அடித்தோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

இவை எல்லாவற்றையும்விட விலையைத் தீர்மானிப்பது காய வைப்பது. இதைத்தான் நம் ஊர்களில் யாரும் செய்வதில்லை. "நாட்டு மரம் முறுக்கிக்கும், வெடிச்சுடும்" என்று வீடு கட்டுபவர்கள் இறக்குமதி மரத்துக்குப் போவதற்குக் காரணம் நாட்டு மரத்தின் குணம் அன்று. பச்சையாகவே அதை நிலையாக அடித்துவிடும் அவசரம். புதிதாக வெட்டிய மரத்தில், அதன் உலர்ந்த எடையில் பாதிக்கும் மேல் நீராக இருக்கலாம். ஈரம் முப்பது சதவீதத்துக்கு இறங்கும்வரை மரம் அளவில் மாறாது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போலச் சுமார் இரு மடங்கு. பலகை கிண்ணம்போல் வளைவதும், அடிமரத்தின் முனை நட்சத்திரமாக வெடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் தேக்கிலேயே, பச்சையாக அறுத்த பத்து அங்குலப் பலகை காய்ந்து முடியும்போது கால் அங்குலத்துக்கு மேல் அகலம் இழக்கக்கூடும்.

செய்ய வேண்டியது கடினமான வேலை அன்று, பொறுமையான வேலை. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் பழைய பெயிண்டையோ மெழுகையோ தடித்துப் பூச வேண்டும். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும். அடிமரத்தைக் கிடத்தி வைக்காமல் சீக்கிரம் அறுக்க வேண்டும். பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரே தடிமனுள்ள ரீப்பர்த் துண்டுகளை இரண்டு அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டில் வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர் விலகினால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். மேலே கூரை வேண்டும், பக்கவாட்டில் காற்று வேண்டும், உச்சியில் பாரம் வேண்டும். நேர் வெயில் கூடவே கூடாது. வெயிலில் போட்ட பலகையின் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, உள் ஈரம் வெளியேற வழியின்றிப் பிளக்கும்.

இந்த வேலைக்கு இலுப்பூரின் வறட்சியே ஒரு சொத்து. பொங்கல் முடிந்து தையிலோ மாசியிலோ வெட்டி அறுத்தால், பங்குனியும் சித்திரையும் சூடு தரும். ஆடிக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்கும்போது ஓர் அங்குலப் பலகைகள் பெரும்பாலும் விற்பனைக்கு ஆகிவிடும். நிலைக்கான மூன்று, நான்கு அங்குலச் சட்டங்களுக்கு இது போதாது. அவற்றுக்கு இன்னொரு கோடை தேவை. இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 12 முதல் 15 சதவீதம் என்று அது காட்டினால் நம் ஊர் வீட்டுக்குள் பயன்படுத்தத் தகுந்த மரம். மீட்டரை வாங்குபவர் கையிலேயே கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொல்லும் விற்பனையாளரிடம் பேரம் நீளாது.

உளுத்துப்போவது இன்னொரு பயம். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும். வண்டுக்கு அது தீனி. மாமரமும் வாகையின் வெள்ளையும் இதற்குச் சீக்கிரம் இரையாகும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பச்சைப் பலகையை முக்கியெடுத்து, சில வாரம் மூடி வைத்து, பிறகு அடுக்கினால் மருந்து உள்ளே இறங்கும். மழைபடும் இடத்தில் அது கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் பயன்படும் மரத்துக்கு மட்டுமே இது சரி. காய வைத்தலுக்கு ஐ.எஸ். 1141, மரப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 401 என்று இந்தியத் தர நிர்ணயங்களே இருக்கின்றன. பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இந்தத் துறைக்கென்றே இயங்குகிறது.

யாருக்கு விற்பது? தேக்கில் போட்டி போட நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. பர்மா தேக்கு என்ற பெயர் இன்னும் வாங்குபவரின் நினைவில் இருக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்த பிறகும், ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தேக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பதினைந்து, இருபது வயதில் வெட்டும் தோட்டத் தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். அந்தச் சந்தையில் சின்ன மில் விலையை ஏற்பதைத் தவிர வேறு செய்ய முடியாது.

நாட்டு மரங்களின் கதை வேறு. மரச்செக்கு எண்ணெய்க்கு மவுசு திரும்பிய பிறகு, செக்கு செய்பவர்கள் பருத்த, வைரம் பாய்ந்த வாகையைத் தேடுகிறார்கள். கறிக்கடைக் கட்டைக்குப் புளியமரம்தான். நார் பின்னிக் கிடப்பதால் வெட்டு விழ விழச் சிதறாது. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா. அதே பலா கீரமங்கலம், வடகாடு பக்கம் தோட்டம் தோட்டமாக நிற்கிறது. பூவரசு கட்டிலுக்கும் பெட்டிக்கும் ஆகும். வேம்புப் பலகையில் பூச்சி எளிதில் ஏறாது என்பதால் அலமாரிக்கு அதைவிட நல்ல நாட்டு மரம் கிடைப்பது அரிது. சென்னையிலும் பெங்களூரிலும் உணவு மேசைக்கு இரண்டு அங்குலக் கனத்தில், ஓரத்து வளைவோடு ஒற்றைப் பலகை கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய மரவாடிகள் இவற்றைச் சின்ன வியாபாரம் என்று ஒதுக்குவதுண்டு. குடும்ப மில்லுக்கு இதுவே இடம் என்பது என் கருத்து. ஒரே மரத்திலிருந்து வந்த பலகைகளைக் கலக்காமல் சேர்த்து வைத்து, வெட்டிய மாதம், ஊர், மரத்தின் பெயர் ஆகியவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தால் ஆசாரிகள் தேடி வருவார்கள். மேசைக்கு நிறமும் ரேகையும் ஒத்துப்போகும் பலகைகள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனிச் சட்டம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மரம் சொந்தம், நிலம் சொந்தம், ஆகவே ஒரு மிஷின் வாங்கிக் கொல்லையில் போட்டு அறுக்கலாம் என்று நினைத்தால் தவறு. கூடலூர் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடு முழுக்க மர மில்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2002 அக்டோபர் 29 முதல் புதிய மில்லுக்கு மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி தேவைப்பட்டது. 2016-ல் வெளியான மத்திய வழிகாட்டு நெறிகள் அந்தப் பொறுப்பை மாநில அளவிலான குழுக்களுக்கு மாற்றின. அறிவிக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் பொதுவாகப் புதிய உரிமம் இல்லை என்றும் சொல்லின. காப்புக் காடுகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தத் தூரக் கணக்கு முக்கியம். விண்ணப்பிக்கும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஆகவே உரிமம் உள்ள மில்லை ஏற்கெனவே நடத்தும் குடும்பம், அறுப்புக் கூலியோடு நின்றுவிடாமல் காய வைத்து விற்பதற்கு நகரலாம். மற்றவர்கள் அப்படிப்பட்ட மில்லில் கூலிக்கு அறுத்து வாங்கி, வீட்டில் அடுக்கிக் காய வைத்து விற்கலாம். ரம்பம் அவர்களிடம் இருக்கட்டும், நிழலும் காலமும் உங்களிடம் இருக்கட்டும்.

வெட்டுவதற்கு முன்னால் மரம் பட்டா நிலத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புறம்போக்கில் நிற்பது, தாத்தா நட்டதாகவே இருந்தாலும், அரசுடையது. அத்தகைய மரத்துக்குத் தரும் 2சி பட்டா இருந்தால் பலனை அனுபவிக்கலாமே தவிர மரத்தை வெட்டும் உரிமை கிடைக்காது. சந்தனம் தனிச் சட்டக் காவலில் இருப்பது; ஈட்டி என்றாலும் முதலில் வன அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மற்ற மரங்களுக்கும் பட்டா நகல், அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவை வண்டியோடு போனால் வழியில் சிக்கல் குறையும். வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதை எளிதாக்க 2025 ஜூனில் மத்திய அரசு மாதிரி விதிகளை அனுப்பியது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். உருட்டு மரமானாலும் அறுத்த மரமானாலும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வருட விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சரக்கு வியாபாரிக்கு மாநிலத்துக்குள் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருக்கு மேசைப் பலகை அனுப்புபவருக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும்.

இத்தனையையும் ஒரு குடும்பம் தனியாகச் செய்யலாம். செய்ய முடியாத ஒரு நாளை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டைக்குள் நுழைந்து தென்னையையும் பலாவையும் தேக்கையும் ஒரே இரவில் சாய்த்தது. கடனிலிருந்து மரம் வளர்த்தே மீண்டு, ஊர் ஊராகப் போய் மரம் நடச் சொன்ன சேந்தன்குடி மரம் தங்கசாமி அதே வருடம் புயலுக்குச் சற்று முன்புதான் காலமாகியிருந்தார். எல்லோர் மரமும் ஒரே நாளில் தரையில் கிடந்தது. அறுக்க ரம்பம் போதவில்லை, அறுத்ததை வைக்க நிழல் இல்லை. வீணைக்கும் நிலைக்கும் போயிருக்க வேண்டிய மரங்கள் விறகு விலைக்குப் போயின.

மறுபடியும் புயல் வரும். வேளாண் நிலங்களில் நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தில் 2021 முதல் விவசாயிகளுக்குக் கொடுத்த தேக்கு, வேங்கை, மகோகனி கன்றுகளும் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் வெட்டுக்கு வரும். கன்று கொடுக்கத் திட்டம் இருக்கிறது, மரத்தைக் காய வைக்க இல்லை. இலுப்பூர், ஆலங்குடி என்று தாலுகாவுக்கு ஒன்றாகப் பொதுக் கொட்டகை போட்டால் போதும். தகரக் கூரை, திறந்த பக்கங்கள், சிமெண்ட் மேடை, ரீப்பர்க் கட்டுகள், ஈர மீட்டர் இரண்டு, கணக்கெழுத ஓர் ஆள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களே இதை நடத்தலாம்; நெல்லுக்குக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய வேலை இல்லை. அடுக்கிய ஒவ்வொரு கட்டுக்கும் உரிமையாளர் பெயரில் ரசீது இருந்தால், காய்ந்து முடியும்வரை காத்திருக்க முடியாதவர் அதை வைத்து முன்பணம் பெறவும் வழி பிறக்கும். கல்யாணச் செலவுக்குப் பச்சை மரத்தைக் குத்துமதிப்பாகக் கொடுக்கும் கட்டாயம் அப்போதுதான் தளரும்.