“வண்டி இருக்கா சார்?”

கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வருகிறவர் வாடகை வீடு தேடும்போது, சைவமா அசைவமா என்ற விசாரணைக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து விழும்: “வண்டி இருக்கா சார்?” இருக்கிறது என்றால் ஊருக்கு வெளியே புதிதாக எழும்பும் மனைப்பிரிவுகளில் காற்றோட்டமான வீடாகப் பார்க்கலாம். இல்லை என்றால் பேருந்து நிலையத்தைச் சுற்றித்தான் தேட வேண்டும். கல்வராயன் மலையில் வேலை என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, “ஸ்கூட்டியா, பைக்கா?” ஸ்கூட்டி என்று சொன்னால் கேட்டவர் உதட்டைப் பிதுக்குவார். கியர் இல்லாத வண்டியில் மலை இறங்கும்போது எஞ்சின் வேகத்தைப் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது. ஏறக்குறைய எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதுவரை மலைக்காரர் ஒருவர் மாவட்டத் தலைநகரில் ஒரு மனு கொடுக்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது. கூடவே ஊழியர்கள், மருத்துவர்கள், வங்கிக்காரர்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்று ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஊரோ 2011 கணக்கெடுப்பின்படி ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த சிறு நகராட்சி. புதிதாக வந்தவை எதற்கும் ஊருக்குள் இடமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் சிறுவங்கூரில் திறந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரத்தில் இடம் பார்த்தார்கள். இரண்டுமே கடைவீதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இல்லை. மாவட்டம் பிறந்தபோது அதன் தலைநகருக்கு ரயிலும் இல்லை. சின்னசேலத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்குப் பாதை போடும் வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போனது. சென்னைக்கு ரயிலில் போக நினைத்தவர் முதலில் சின்னசேலத்துக்கோ உளுந்தூர்பேட்டைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வெயில் காலத்தில் சமாளித்துவிடலாம். சிக்கல் ஐப்பசி மழையில் ஆரம்பிக்கிறது.

மழை ஊர் என்றால் உலகம் முழுக்கச் சொல்லும் பெயர்களில் ஒன்று அமெரிக்காவின் சியாட்டில். மைக்ரோசாஃப்ட், அமேசான் புண்ணியத்தில் தமிழர்கள் நிறையக் குடியேறிய வட்டாரம். அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ அதுவேதான். நம்ப மனம் வராது, ஆனால் கணக்கு அப்படித்தான். அவர்களுக்கு அது ஏறக்குறைய நூற்றைம்பது நாட்களில் தூறலாகத் தூறித் தீர்க்கிறது. நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நாட்களில், அதிலும் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில், கொட்டித் தீர்க்கிறது. தூறலில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். இங்கே கொட்டுகிற மழையில் பஸ்ஸே வராது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பதிவானது. சியாட்டில் ஆறு மாதத்தில் பார்க்கிற மழை அது. மேற்கே நகர்ந்த அதே மழை, ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டரைத் தொட்டது. இரண்டு ஊருக்கும் இடையே, சற்றுத் தெற்கில்தான் கள்ளக்குறிச்சி மாவட்டம் இருக்கிறது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் திருக்கோவிலூர்ப் பக்கம் கரைபுரண்டது. இத்தகைய நாட்களில் தரைப்பாலங்கள்தான் முதலில் போகும். பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று குடியேறியவருக்கு அது எத்தனை நாள் விடுப்பு என்பதை ஆறுதான் முடிவு செய்யும்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையையும் சொல்லியாக வேண்டும். நான்குவழிச் சாலைதான், ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் போன்ற ஊர்களின் புறவழிகளை இருவழியாகவே கட்டிவிட்டார்கள். வேகமாக வருகிற வாகனம் திடீரென்று எதிர்வண்டியை நேருக்கு நேர் சந்திக்கும் அந்த இடங்கள் விபத்துக்குப் பேர்போனவை. மழை இரவில் எதிர்விளக்கு கண்ணாடியில் சிதறும்போது வெள்ளைக்கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அகலப்படுத்தும் வேலையைத் தாமதமாகத்தான் கையில் எடுத்தார்கள்.

மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை இரண்டாயிரம் அடியிலிருந்து நாலாயிரம் அடி வரை எழுகிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமே இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறும் பாதை பெரியார் அருவி வழியாகக் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் போகிறது. சுற்றுலா வருகிறவருக்கு அது அருமையான பாதை. தினமும் காலை எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய ஆசிரியைக்கு அப்படி அல்ல.

மழையில் மலை இறங்கிப் பழகியவர்கள் இரண்டாவது கியருக்கு மேல் போக மாட்டார்கள். வளைவுகளில் மண் கரைந்து சாலையில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வெள்ளைத் திரை. செல்போன் பாலித்தீன் பையில், மதியச் சாப்பாட்டுத் தூக்கு டேங்க் கவருக்குள், மழைக்கோட்டுக்குள்ளே ஒரு மாற்றுப் புடவை. வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய்த்தான் யாரையாவது கூப்பிடவே முடியும். பெட்ரோல் பெட்டிக்கடையில் பாட்டிலில் கிடைக்கும், பங்க் விலைக்கு அல்ல.

பஸ் இல்லையா என்றால், இருக்கிறது. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் நடக்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாகப் போக முடியாது. ஆகவே ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்னால் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு மனிதர்களும் ஏறுகிறார்கள். சட்டப்படி தப்பு. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வரும்போது சாலையோரம் நிற்கிறவரிடம் சட்டம் பேச யாருக்கும் மனசு வராது.

சரி, மலையிலேயே குடியிருந்துவிட்டால்? அதிலும் செலவு இருக்கிறது, வேறு கணக்கில். கார்த்திகை மாதம் துணி மூன்று நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். தீப்பெட்டியைச் சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டினால்தான் பற்றும். பீரோவில் வைத்த சான்றிதழில் பூஞ்சை ஏறும். கம்பியில் மரம் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. குழந்தைக்கு நடுராத்திரி காய்ச்சல் என்றால் சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரிக்குப் போவதா, விடியக் காத்திருப்பதா என்பதை வாசலில் நிற்கும் வண்டிதான் தீர்மானிக்கும்.

அதனால் பலர் கீழேயே குடியிருந்து மேலே போய்வருகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விளைவை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார், மருந்து கொடுப்பார். மழை பெய்தால் அந்த நேரமும் சுருங்கும். மாற்றலாகி வந்தவருக்கு மூன்று வருடச் சங்கடம். மலையாளி பழங்குடி மக்களுக்கு அது ஆயுள் முழுக்க. மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசு இந்த மலையை எடுத்துக்கொண்டது 1976இல்தான். சுதந்திர இந்தியாவின் சாலையும் பள்ளியும் இங்கே தாமதமாகத்தான் ஏறத் தொடங்கின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியைக் குலுக்கிய கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரிக்க எடுத்தபோது, சாலைகளைப் பற்றியும் அரசிடம் கேள்வி கேட்டது. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவருவது பழங்கதை அல்ல என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

சியாட்டில் தமிழர்களின் புலம்பலும் வாகனத்தில்தான் போய் முடிகிறது. புறநகரில் வீடு, பால் வாங்கக்கூட கார். புதிதாக வந்த மனைவி ஓட்டுநர் உரிமம் எடுக்கும்வரை வீட்டுக்குள்தான். டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆனால் அங்கே ஒன்று நடந்தது. 2024 ஏப்ரலில் பெல்வியூவிலிருந்து ரெட்மண்டின் மைக்ரோசாஃப்ட் வளாகம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. மழையை நிறுத்த அவர்களாலும் முடியவில்லை. நனையாமல் போய்ச் சேர ஒரு வழி செய்தார்கள். கல்வராயன் மலைக்கு ரயில் வேண்டாம். தரைப்பாலங்கள் உயர்ந்து, பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு மினி பஸ் ஒழுங்காக ஓடினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாற்றல் உத்தரவுகள் பெரும்பாலும் வருவது மே, ஜூனில். மலை அப்போது குளுகுளுவென்று இருக்கும், குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நல்ல இடமா!” என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையும் முடிந்துவிடும். அக்டோபரில் முதல் பெருமழை விழும்போது வீட்டில் இருப்பது ஒரே ஒரு வண்டி, அதை எடுத்துக்கொண்டு ஒருவர் மலைக்குப் போயிருப்பார். தீபாவளிக்குள் இரண்டாவது வண்டிக்குக் கடன் விண்ணப்பம் போடுவது இந்த ஊரில் சகஜம்.