பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்தல்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், பழைய சிறு மோட்டார் சைக்கிளொன்றைச் சொற்ப விலைக்கு வாங்கிச் செப்பனிட எண்ணினால், 1994-இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் போன்றதைத் தேர்ந்துகொள்வது நலம். அதன் உதிரி பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும்.

நீலப் புகை கண்டதும் அஞ்ச வேண்டுவதில்லை. காலையில் கிளப்பும்போது மட்டும் சிறிது புகைந்து அடங்கினால், பெரும்பாலும் வால்வின் ரப்பர் சீல் இறுகியிருக்கும். மாற்றுவதற்குச் செலவு குறைவு. முறுக்கும்போதெல்லாம் புகைந்தாலோ பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். விலையைக் குறைத்தே கேட்போம். கைப்பணத்தை முதலில் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்குவோம். வண்ணமும் மெருகும் காத்திருக்கட்டும். காதைப் பிளக்கும் சைலன்ஸர் நமக்கு எதற்கு?

இவையனைத்தினும் முந்தியது பதிவுப் புத்தகம். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். ஊரிலிருந்து ரயிலில் வண்டியைக் கொணர்வோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு, பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று, அங்கே புதிய பதிவு செய்துகொள்ள வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டியின் பதிவையும் புதுப்பித்தாக வேண்டும். தில்லியில் அத்தகைய பழைய பெட்ரோல் வண்டிகள் ஓடுவதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அங்குள்ளோர் இன்றைய நிலையை விசாரித்த பின்னரே அச்சாரம் கொடுப்பாராக.