அடுப்பைச் சுற்றியிருக்கும் வெற்றிடம்

இங்கிலாந்தின் பழைய வரிசை வீடுகளில் சமையலறைச் சுவரில் பெரிய மாடம் ஒன்று இருக்கும். விக்டோரியா மகாராணி காலத்தில் அதற்குள் வார்ப்பிரும்புச் சமையல் அடுப்பு உட்கார்ந்திருந்தது. நிலக்கரியைத் தின்று, ரொட்டி சுட்டு, தண்ணீர் காய்ச்சி, வீட்டையும் கதகதப்பாக வைத்திருந்தது. எரிவாயுவும் மின்சாரமும் வந்த பிறகு பல வீடுகளில் அதைப் பெயர்த்தெடுத்து, மாடத்தைப் பலகையால் அடைத்துவிட்டார்கள். இன்று அந்த வீட்டை வாங்குகிறவர்கள் பலகையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே கல்லும் கரியுமாக ஒரு குழி. இதில் ஒரு விறகு அடுப்பு வைத்தால் என்ன என்று ஆசை வருகிறது.

மாடம் 80 செ.மீ. அகலம், 95 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 75 செ.மீ. அகலத்தில் ஓர் அடுப்பு கிடைத்தால், அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போய்விடும். ஆனால் அதுதான் வாங்கக் கூடாத அடுப்பு. இந்த மாடத்துக்குத் தோதானது சுமார் 45 முதல் 50 செ.மீ. அகலமுள்ளது. இரு பக்கமும் 15 செ.மீ.யாவது வெறுமையாகக் கிடக்க வேண்டும். இடம் வீணாகிறதே என்று தோன்றும். வீணாவதில்லை, அந்த வெற்றிடமும் வேலை செய்கிறது.

அடுப்பின் வெப்பம் அறைக்குள் வர இரண்டு வழிகள். ஒன்று கதிர்வீச்சு: சூடான இரும்பு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக எல்லாப் பக்கமும் வெப்பத்தை வீசுகிறது. இன்னொன்று காற்று: அடுப்பின் உடலைத் தொட்ட காற்று சூடாகி லேசாகி மேலே எழுகிறது, கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஓடி வருகிறது. திறந்த அறையின் நடுவே நிற்கும் அடுப்புக்கு இரண்டும் தாராளம். மாடத்துக்குள் தள்ளிய அடுப்பிலோ முகத்தைத் தவிர மற்றப் பக்கங்களின் கதிர்கள் கல்லில்தான் போய் விழும். அந்தக் கல் வீட்டின் வெளிச்சுவராக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய விறகின் சூட்டில் ஒரு பங்கு தெருவுக்குப் போகிறது. மீட்டுக் கொண்டுவரக்கூடியது காற்று ஒன்றுதான். பக்கத்து இடைவெளியில் கீழே நுழைந்து, இரும்பையும் கல்லையும் தடவிச் சூடேறி, மாடத்தின் மேல் விளிம்புக்கு அடியில் அது வெளியே வழிந்து வரவேண்டும். இடைவெளியை அடைத்துவிட்டால் இந்த ஓட்டம் நின்றுபோகும். அறை குளிரும், அடுப்பின் தகடுகளோ அளவுக்கு மீறிக் காய்ந்து நெளியும்.

இதோடு ஒரு தகடும் தேவை. மாடத்தின் உச்சியில் புகைபோக்கியின் வாய் திறந்தே கிடந்தால், சூடான காற்று அறைக்கு வராமல் அப்படியே வானத்துக்குப் போய்விடும். அதனால் வாயைத் தகட்டால் மூடி, புகைக்குழாய் நுழைய மட்டும் ஒரு வட்டம் விடுவார்கள். பின்பக்கம் குழாய் வைத்த அடுப்பு என்றால் அந்தக் குழாய் வளைந்து மேலேற ஆழம் வேண்டும். 40 செ.மீ. மாடத்தில் அதற்கு வழியில்லை. உச்சியில் குழாய் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

கல் எரியாது. ஆனால் மாடத்தின் மேலே குறுக்காகக் கிடக்கும் ஓக் மர உத்திரம் எரியும். பக்கத்திலேயே சமையலறை அலமாரிகளும் இருக்கும். கதிர்வீச்சின் கணக்கு இங்கேதான் பயமுறுத்துகிறது. வெளிப்படும் ஆற்றல், தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. அடுப்பின் மேல்தகடு 250 டிகிரியிலிருந்து 300 டிகிரி செல்சியஸுக்கு ஏறினால், அது வீசும் வெப்பம் ஏறக்குறைய 44 விழுக்காடு கூடிவிடும். மரமோ சட்டென்று பற்றிக்கொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் காய்ந்து, மெல்லக் கருகி, புதிய மரத்தைவிட எளிதில் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துசேர்கிறது. பத்து ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே என்பது இதில் ஆறுதல் இல்லை.

இதற்கு மாற்று ஒரு மெல்லிய தகடு. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211 என்ற தீப்பாதுகாப்பு நெறி, சோதனைச் சான்று இல்லாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குலம் கேட்கிறது. சுவருக்கு முன்னால் ஓர் அங்குலம் தள்ளி உலோகத் தகடு ஒன்றை நிறுத்தினால் 12 அங்குலம் போதும் என்கிறது. தகடு கதிரை வாங்கிக்கொள்கிறது; பின்னால் உள்ள ஓர் அங்குலச் சந்தில் காற்று கீழிருந்து மேலாக ஓடி அந்தச் சூட்டைக் கழுவிக்கொண்டு போகிறது. அதே தகட்டைச் சுவரோடு ஒட்டி ஆணி அடித்தால் பயன் அநேகமாகப் போய்விடும். இங்கும் காப்பாற்றுவது இடைவெளிதான்.

சரி, பெரிய மாடம் கிடைத்தால் பெரிய அடுப்பு வாங்கலாமா? அதற்கு விறகு எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும். ஊதி அணைத்த மெழுகுவர்த்தியிலிருந்து எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல் சற்று மேலே எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியே குதித்து இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தொடங்கிய சிறுவர் சொற்பொழிவுகளில் காட்டிய வேடிக்கை இது. நாம் புகை என்று ஒதுக்குவது எரியாத எரிபொருள். விறகிலும் இதே கதைதான். காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகக் கிளம்பிவிடும், மிஞ்சுவது கரி. நாம் பார்க்கும் மஞ்சள் சுவாலை கட்டையில் இல்லை, கட்டைக்கு மேலே அந்த வாயுவில் இருக்கிறது. அது முழுவதும் எரிய எரியறை சுமார் 600 டிகிரியாவது இருக்க வேண்டும். நவீன அடுப்பின் உட்சுவரில் வெர்மிகுலைட் என்ற வெப்பங்காக்கும் பலகை பதிப்பதும், மேலே ஒரு தடுப்புப் பலகை வைப்பதும், புகை மேலேறும் இடத்தில் சூடான காற்றை இரண்டாம் முறை ஊட்டுவதும் இதற்காகத்தான்.

இனி அறையை அளப்போம். 4 மீட்டர் நீளம், 3.5 அகலம், 2.4 உயரம் உள்ள சமையலறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று. பிரிட்டனில் அடுப்பு விற்கிறவர்கள் இதை 14ஆல் வகுப்பார்கள், 2.4 கிலோவாட் என்று வரும். குத்துமதிப்பான கணக்குதான், ஆனாலும் வழிகாட்டும். அந்த அறையில் 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் என்ன ஆகும்? அரை மணியில் வேர்த்து ஊற்றும். காற்றுத் திறப்பை இறுக்கி மூடுவார்கள். தீ சாகாமல் குமையும். எரியறை குளிர, வாயுக்கள் எரியாமலே குழாயில் ஏறும். குழாய்ச் சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால், அவை கிரியோசோட் என்ற தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தார் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளே வெப்பநிலை 1,000 டிகிரியையும் தாண்டும். பெரிய அடுப்பை அடக்கி எரிப்பதைவிடச் சின்ன அடுப்பை முழுத் தீயில் எரிப்பது எல்லா வகையிலும் மேல்.

குமையும் தீக்குச் சாட்சி கதவின் கண்ணாடி. அது சாதாரணக் கண்ணாடி இல்லை, கண்ணாடிப் பீங்கான். 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரிக்குச் சூடாக்க உலையில் வைத்தார். உலை கோளாறாகி 900க்குப் போய்விட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்தால், வெண்ணிறத் தகடாக நின்றது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. அந்த வழியில் வந்த பொருள்தான் இன்று அடுப்புக் கதவில் இருக்கிறது. அது கறுத்துப் போனால் ஒன்று தீ போதவில்லை, அல்லது விறகு ஈரம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கும். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவான கட்டுகளாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

புகையை மேலே இழுப்பது எது? ஒரு விசிறியும் இல்லை. புகைபோக்கி நாலரை மீட்டர், உள்ளே 200 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால், உள்ளிருக்கும் லேசான காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சுமார் 22 பாஸ்கல். அதாவது இரண்டு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். இவ்வளவு மெல்லிய இழுப்பை நம்பித்தான் மொத்த ஏற்பாடும். 1796இல் ரம்ஃபோர்டு பிரபு லண்டன் வீடுகளின் கணப்புகளைச் சீர்திருத்தியபோது செய்த முக்கிய வேலை, அகன்று கிடந்த புகைத் தொண்டையை நாலு அங்குலமாகச் சுருக்கியது. வாயை விரித்தால் நன்றாக இழுக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். சுருக்கியதும் புகை ஒழுங்காக மேலேறியது.

சமையலறையில் இந்த இழுப்புக்கு ஒரு எதிரி உண்டு: சமையல் மேடைக்கு மேலே உள்ள புகை உறிஞ்சி விசிறி. கிலோவாட் கணக்கில் சின்ன அடுப்புக்கு மணிக்குச் சுமார் 15, 20 கன மீட்டர் காற்று போதும். விசிறியோ, இங்கிலாந்துக் கட்டட விதிப்படி நொடிக்கு 30 லிட்டராவது உறிஞ்ச வேண்டும். மணிக்கு 108 கன மீட்டர். சன்னல்களை எல்லாம் இறுக்கி மூடிய வீட்டில் விசிறிக்கு அவ்வளவு காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகக் கீழே வரும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டு, அடுப்பில் புகை போட்டுச் சோதிக்காமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. அடுப்புள்ள அறையில் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம்.

கடைசியாகத் தரை. கதவை மூடியே எரிக்கும் அடுப்புக்கு முன்னால் குறைந்தது 225 மி.மீ. எரியாத கல்தளம் நீள வேண்டும். கதவைத் திறந்தும் எரிக்கலாம் என்றால் 300 மி.மீ. ஒடுங்கிய சமையலறையில் இது நடைபாதையைத் தின்னும் விஷயம். கொதிக்கும் பாத்திரத்தோடு அந்த வழியே போகிறவரையும் மனத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

லண்டனிலோ லெஸ்டரிலோ பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தில் இருந்து, வீட்டில் வேறு சூடேற்றியும் இருந்தால், மாடத்தில் பூச்சட்டி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல அடுப்பும் நுண்துகளை வெளியே விடத்தான் செய்கிறது. அதைச் சுவாசிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. நாட்டுப்புறத்தில் இருந்து, காய்ந்த விறகும் கைவசம் உண்டு என்றால், 4 கிலோவாட்டைத் தாண்டாத, 45 செ.மீ. அகல, உச்சியில் குழாய் உள்ள அடுப்பாகப் பாருங்கள். அதற்கு முன்பு புகைபோக்கியைத் துடைத்து, புகை விட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் அடுப்புக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள்.