பழஞ் சித்திரக்கதையின் விலை

பழைய ஏட்டுக்கு மதிப்புண்டு என்பதைத் தமிழ் கற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராய் அலைந்த வரலாற்றை மாணவர்க்குச் சொல்லிச் சொல்லி நம் நாவும் பழகிவிட்டது. ஆனால், வகுப்பறையில் நாமே பறித்து மேசைக்குள் எறிந்த சித்திரக்கதைப் புத்தகத்துக்கும் ஒருநாள் விலை ஏறும் என்று எவரேனும் அன்று கூறியிருப்பின் நகைத்திருப்போம். யானும் நகைத்திருப்பேன்.

அமெரிக்காவில் 1938 யூன் மாத இதழாக வந்தது 'அக்ஷன் காமிக்ஸ்' முதலிதழ். சுப்பர்மேன் என்னும் அதிமானிடன் முதன்முதல் தோன்றிய அவ்விதழின் அன்றைய விலை பத்துச் சதம். அதன் பிரதியொன்று 2014இல் 32 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2024 ஏப்பிரலில் மற்றொன்று 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. கதையின் இலக்கிய நயமோ இதற்குக் காரணம்? அன்று. அதே கதையை மறுபதிப்பிற் சில டொலருக்கு வாங்கிப் படித்துவிடலாம். ஏறக்குறைய இரண்டு இலட்சம் அச்சான அவ்விதழில் இன்று எஞ்சியவை நூறளவே என மதிக்கின்றனர். பிள்ளைகள் கிழித்தனர், தாய்மார் குப்பையில் இட்டனர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழந்தாள் திரட்டியபோது பல கூழாயின. எஞ்சியவற்றையும் தாளின் நிறம், முதுகின் மடிப்பு, கம்பித் தையலின் துரு என நுணுகி நோக்கிப் பத்துக்கு இத்தனை புள்ளியென மதிப்பிட்டு உறையிலிட்டு முத்திரை வைக்கும் நிறுவனங்கள் அங்குள.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. 1992 நவம்பரில் சுப்பர்மேன் மடியும் இதழ் வெளிவந்தது. பின்னாளிற் பொன்னாகும் என்றெண்ணி இலட்சக்கணக்கானோர் அதனை வாங்கி, பலர் உறையும் பிரியாது பூட்டிவைத்தனர். எல்லாரும் காத்தமையால் அஃது அரிதாகவில்லை; இன்றும் சொற்ப விலைக்கே கிடைக்கின்றது. அரும்பொருளாதற்கு முதலில் அலட்சியப்படுத்தப்பட வேண்டும் போலும்!

நிற்க. நம் மொழிக்கு வருவோம். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நூல் 'இரும்புக்கை மாயாவி'. பிரித்தானியாவின் 'வேலியன்ட்' இதழில் 1962 முதல் வெளிவந்த தொடரின் தமிழாக்கம் அது. வலக்கை இழந்த ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் உருக்குக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைய, அக்கை மட்டும் புலப்படும். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. மலிவுத் தாளில் அச்சான இத்தகைய நூல்கள் விரைவிற் பழுத்து ஒடிவன. எங்கள் கல்முனைக் கரையிலோ உப்புக்காற்று முதலிற் கம்பியைத் தின்னும்; பின் தாளைத் தின்னும். தப்பியவை கச்சான் சுருளாயின. 2004 டிசெம்பர் 26இல் வந்த கடல்கோள் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளை மனிதரோடு வாரிச் சென்றபோது, புத்தகத்தை எவர் நினைப்பார்?

இனி என் குற்றத்தைக் கூறவேண்டும். 1996இல், இளம் ஆசிரியனாயிருந்த யான், இலக்கணப் பாடவேளையில் மேசைக்கடியில் மாயாவி கதையொன்றை விரித்திருந்த மாணவனிடமிருந்து அதனைப் பறித்துக்கொண்டேன். "வாப்பாட புத்தகம் சேர், தாங்க" என்று தவணை முடியுமட்டும் கேட்டான். யான் இரங்கவில்லை. பின்னர் அவன் கேட்பதை விட்டான், யான் மறந்தேன். என் வீடு பிரதான வீதிக்கு மேற்கே வயற்புறமாய் இருந்தமையால் அலமாரிக்கு நீர் எட்டவில்லை. கரையிலிருந்த அவன் வீட்டில் ஒரு சுவரும் மிஞ்சவில்லை. வாப்பாவும் அன்று மௌத்தானார்.

சென்ற ஆண்டு அலமாரியைத் துப்புரவு செய்கையில் அப்புத்தகம் அகப்பட்டது. பழஞ் சித்திரக்கதை சேர்க்கும் அன்பரொருவர் நண்பர் வழியாகக் கேள்வியுற்று, தொலைபேசியிற் படம் அனுப்பச் சொன்னார். அட்டை உண்டு, பக்கம் குறையவில்லை, கம்பி துருவேறியும் பிடி விடவில்லை. அவர் கூறிய தொகை என் அரைமாதச் சம்பளத்துக்குக் கிட்டியது. அடுத்து முதற்பக்கத்தின் படத்தைக் கண்டார். அதில் நீல மையில் ஒரு பெயரும், 'கொழும்பு, 1978' என்ற குறிப்பும் இருந்தன. கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்த நாளில் அந்த வாப்பா வாங்கியிருக்கிறார். மையெழுத்து இருப்பின் மூன்றிலொரு பங்கு விலை குறையும் என்றார் அன்பர். அழிக்க வழியுண்டோ என்றும் வினவினார்.

அவர் கணக்கிற் பிழையில்லை. சேகரிப்போர்க்குப் புத்தகம் அச்சகத்தை விட்டு வந்த கோலத்திலேயே இருத்தல் வேண்டும். யானோ ஏட்டிறுதியில் எழுதினோன் பெயரும் நாளும் காணப்பெறின் மகிழுமாறு பயிற்றப்பட்டவன். அவ்வாப்பாவின் கையெழுத்து இவ்வுலகில் வேறெங்கேனும் எஞ்சியிருத்தல் அரிது. எங்ஙனமாயினும் பறித்த பொருளை விற்க எனக்கு உரிமை ஏது?

அம்மாணவன் இப்போது கட்டாரில் தொழில் செய்கிறான். உடன்படித்தோரிடம் இலக்கம் பெற்றுச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரே வரி வந்தது: "சேர், அதில வாப்பாட பேர் இரிக்கா?"

இருக்கிறது என்று எழுதினேன். பெருநாள் விடுமுறைக்கு வருகிறான்.